அமெரிக்க அதிபர் தேர்தல்: மக்கள் ஓட்டு ஜெயிக்க எந்த வழி சரிவரும்?

2016இல் ஹிலாரி கிளின்டன் டொனால்ட் டிரம்பைவிட 28 லட்சத்துக்கும் அதிகமாக ஓட்டு வாங்கினார், அதிபரானது டிரம்ப். 2000இல் அல் கோர் ஜார்ஜ் புஷ்ஷைவிட 5 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேல் அதிகம் வாங்கினார், அதிபரானது புஷ். அதற்கு முன்னால் 1824, 1876, 1888 என்று மூன்று தடவை இப்படி நடந்திருக்கிறது. இது தவறு என்று நினைப்பவர்கள் அமெரிக்காவில் கொஞ்சப் பேர் இல்லை. 2024இல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணிப்பில் 63 சதவீதம் பேர், நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியவர்தான் அதிபராக வேண்டும் என்று சொன்னார்கள். ஆனால் "சரி, எப்படி மாற்றுவது?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டதும் பேச்சு ஆளுக்கொரு பக்கமாகப் போய்விடுகிறது. முன்வைக்கப்படும் வழிகள் நான்கைந்து இருக்கின்றன. எல்லாமே சீர்திருத்தம் என்ற பெயரில்தான் வருகின்றன, அவற்றில் ஒன்று இப்போது இருப்பதைவிடவும் மோசமானது. அதனால் ஒவ்வொன்றும் என்ன செய்யும், எது நடக்கக்கூடியது, நான் எதன் பக்கம் நிற்கிறேன் என்று வெளிப்படையாக எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது நியூஜெர்சியில். டெலவேர் ஆற்றைத் தாண்டினால் பென்சில்வேனியா. அங்கே இருக்கும் சொந்தக்காரர்கள் வீட்டுக்குத் தேர்தல் சமயத்தில் கதவைத் தட்டி ஆட்கள் வருகிறார்கள், தபால் பெட்டி நிரம்பி வழிகிறது, வேட்பாளர்கள் வாரத்துக்கு வாரம் வந்து இறங்குகிறார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அதிபர் பதவிக்காக எங்களிடம் ஓட்டுக் கேட்டு வருவதில்லை. அவர்களும் நாங்களும் ஒரே நாட்டின் குடிமக்கள், ஒரே வரிதான் கட்டுகிறோம். எனக்கு இந்த விஷயத்தில் இருக்கிற கோபம் கட்சி சார்ந்தது இல்லை, இந்த வித்தியாசம் சார்ந்தது.

இப்போதைய முறை சுருக்கமாக இதுதான். மொத்தம் 538 தேர்வாளர்கள்; மக்கள் ஓட்டை வைத்து மாகாணங்கள் நியமிக்கும் இவர்கள்தான் அதிபரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், இந்த ஏற்பாட்டுக்குத்தான் எலக்டோரல் காலேஜ் என்று பெயர். ஒவ்வொரு மாகாணத்துக்கும் அதன் பிரதிநிதிகள் சபை இடங்களோடு செனட் இடங்கள் இரண்டைக் கூட்டினால் வரும் எண்ணிக்கை, தலைநகர் வாஷிங்டனுக்கு 3. இதில் 270 கிடைத்தவர் அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற 48 மாகாணங்களிலும் தலைநகரிலும் ஒரே ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அத்தனை தேர்வாளர்களும் அவருக்கே. யாருக்கும் 270 வராவிட்டால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போகும். அங்கே மாகாணத்துக்கு ஒரு ஓட்டு, கலிபோர்னியாவுக்கும் ஒன்று, வயோமிங்குக்கும் ஒன்று. 1824இல் அதிக மக்கள் ஓட்டும் அதிகத் தேர்வாளர்களும் வைத்திருந்த ஆண்ட்ரூ ஜாக்சனை விட்டுவிட்டு ஜான் குவின்சி ஆடம்ஸை அதிபராக்கியது இந்த வழிதான்.

வழிகளை ஒப்பிடும் முன்னால் நோய் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் சின்ன மாகாணங்களைத்தான் குற்றம் சொல்கிறார்கள். வயோமிங்கில் சுமார் 5 லட்சத்து 77 ஆயிரம் மக்களுக்கு 3 தேர்வாளர், கலிபோர்னியாவில் சுமார் 3 கோடியே 95 லட்சம் பேருக்கு 54. ஆக, ஒரு வயோமிங்காரரின் ஓட்டு கலிபோர்னியாக்காரரின் ஓட்டைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு கனம். இது அநியாயம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். செனட்டுக்காகக் கிடைக்கும் அந்த இரண்டு இரண்டு தேர்வாளர்களை எல்லா மாகாணங்களிலும், தலைநகரிலும் கழித்துவிட்டால் 2000இல் புஷ்ஷுக்கு 211, கோருக்கு 225. கோர் ஜெயித்திருப்பார். 2016இல் அதே கழித்தலைச் செய்தால் டிரம்புக்கு 246, கிளின்டனுக்கு 190. டிரம்ப்தான், அதுவும் தாராளமாக. அதாவது சின்ன மாகாணங்களுக்கான சலுகை ஒரு நெருக்கமான தேர்தலைப் புரட்டக்கூடியதுதான், ஆனால் பெரிய காரணம் அது இல்லை. ஜெயித்தவருக்கே மாகாணம் மொத்தமும் என்ற விதிதான் மையம். விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து 2016இல் இருந்த வித்தியாசம் 80 ஆயிரம் ஓட்டுக்கும் கீழே. அந்த மெல்லிய வித்தியாசம் 46 தேர்வாளர்களை மொத்தமாக ஒரு பக்கம் தள்ளியது.

இந்த விதி அரசியல் சாசனத்தில் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. சாசனத்தின் இரண்டாம் பிரிவு, ஒவ்வொரு மாகாணமும் தன் சட்டமன்றம் சொல்கிறபடி தேர்வாளர்களை நியமித்துக்கொள்ளலாம் என்று மட்டும்தான் சொல்கிறது. தன் பலத்தைச் சிதறவிடக் கூடாது என்று ஒரு மாகாணம் செய்ததைப் பார்த்து அடுத்த மாகாணமும் செய்ய, 1836 வாக்கில் தெற்குக் கரோலினா தவிர எல்லா இடத்திலும் இதுவே வழக்கமாகிவிட்டது. மாகாணங்கள் போட்ட முடிச்சு என்பதால் மாகாணங்களாலேயே அவிழ்க்கவும் முடியும். கீழே வரும் வழிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வாய்ப்பைத்தான் நம்பி இருக்கின்றன.

தொகுதிவாரியாகப் பிரிப்பது

முதலில் மோசமானதைச் சொல்லிவிடுகிறேன். மெய்ன் 1972 தேர்தலில் இருந்தும் நெப்ராஸ்கா 1992 தேர்தலில் இருந்தும் செய்வது இது. மாகாணம் முழுக்க ஜெயித்தவருக்கு இரண்டு தேர்வாளர், மீதி ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதியிலும் ஜெயித்தவருக்கு ஒன்று. கேட்க நியாயமாக இருக்கிறது. ஒமாஹா நகரம் இருக்கும் நெப்ராஸ்காவின் இரண்டாம் தொகுதி 2008இல் ஒபாமாவுக்கும், 2020இல் பைடனுக்கும், 2024இல் கமலா ஹாரிஸுக்கும் போனது. மெய்னின் இரண்டாம் தொகுதி மூன்று தேர்தலாக டிரம்புக்குப் போகிறது. சிவப்பு என்றால் குடியரசுக் கட்சி, நீலம் என்றால் ஜனநாயகக் கட்சி. சிவப்பு மாகாணத்தில் ஒரு நீலப் புள்ளி, நீல மாகாணத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. பார்த்தால் ஓட்டு வீணாகவில்லை என்ற நிம்மதி வரும்.

ஆனால் இதை நாடு முழுக்க விரித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2012 தேர்தலே பதில். ஒபாமா மிட் ராம்னியைவிட ஏறக்குறைய 50 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கினார். எல்லா மாகாணமும் மெய்ன் மாதிரி எண்ணியிருந்தால் ராம்னிக்கு 274, ஒபாமாவுக்கு 264. ஐம்பது லட்சம் ஓட்டில் தோற்றவர் அதிபர்! காரணம், தொகுதிக் கோடுகளை வரைவது பெரும்பாலான மாகாணங்களில் அரசியல்வாதிகள். பென்சில்வேனியாவில் 2012இல் மாகாணம் முழுக்க ஜெயித்தது ஒபாமா, ஆனால் 18 தொகுதிகளில் 13 ராம்னி பக்கம். அந்தத் தொகுதி வரைபடத்தை மாகாண உச்ச நீதிமன்றமே 2018இல் செல்லாது என்று தூக்கிப் போட்டது. அதற்கு முன்பு 2011இல் அதே பென்சில்வேனியாவில் தேர்வாளர்களையும் தொகுதிவாரியாகப் பிரிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது, நல்லவேளையாக நிறைவேறவில்லை. இப்போது பிரதிநிதிகள் சபையோடு நிற்கிற தொகுதிக் கோட்டுச் சண்டையை அதிபர் பதவி வரைக்கும் ஏற்றிவிடுகிற வழி இது. 2000, 2016 தேர்தல்களைக்கூட இது சரி செய்திருக்காது. உங்கள் மாகாணத்தில் யாராவது இதைச் சீர்திருத்தம் என்று கொண்டு வந்தால், எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் எதிர்த்து நில்லுங்கள்.

விகிதப்படி பிரிப்பது

இது முந்தையதைவிட நேர்மையானது. 10 தேர்வாளர் உள்ள மாகாணத்தில் 60 சதவீதம் வாங்கியவருக்கு 6, 40 சதவீதம் வாங்கியவருக்கு 4. கோடு வரைகிறவர்களுக்கு இதில் வேலை இல்லை. 1950இல் இதற்கான சாசனத் திருத்தத்தை செனட்டர் லாட்ஜும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் காசெட்டும் கொண்டு வந்து, செனட்டில் 64க்கு 27 என்று மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஆதரவோடு நிறைவேறி, அப்புறம் பிரதிநிதிகள் சபையில் செத்துப்போனது. 2004இல் கொலராடோ மக்கள் முன்னால் நேரடியாக வாக்கெடுப்புக்கு வந்தது, பெரிய வித்தியாசத்தில் நிராகரித்தார்கள்.

அவர்கள் நிராகரித்ததற்கு அர்த்தம் இருக்கிறது. ஒரு மாகாணம் மட்டும் தனியாக இதைச் செய்தால் அந்த மாகாணத்தில் வழக்கமாக ஜெயிக்கிற கட்சிக்கு நஷ்டம், எதிர்க்கட்சிக்கு இனாம். கலிபோர்னியா மட்டும் செய்தால் அதன் 54இல் இருபதுக்கு மேல் குடியரசுக் கட்சிக்குப் போகும், டெக்சாஸ் பதிலுக்கு ஒன்றும் தராது. எல்லோரும் ஒரே நாளில் செய்தால்தான் நியாயம். அப்படியே செய்தாலும் சின்ன மாகாணங்களில் கணக்கு முரண்டு பிடிக்கும். 4 தேர்வாளர் உள்ள இடத்தில் 60க்கு 40 என்று ஜெயித்தாலும் 2க்கு 2தான் வரும், 3 தேர்வாளர் உள்ள இடத்தில் ஒரு ஓட்டு வித்தியாசம்கூட 2க்கு 1 ஆகிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து மூன்றாவது வேட்பாளர். 1992இல் ராஸ் பெரோ ஏறத்தாழ 19 சதவீதம் வாங்கியும் ஒரு தேர்வாளர்கூடக் கிடைக்கவில்லை, 43 சதவீதம் வாங்கிய பில் கிளின்டனுக்கு 370. விகிதப்படி பிரித்திருந்தால் கிளின்டன் 270ஐத் தொட்டிருக்கவே மாட்டார், மாகாணத்துக்கு ஒரு ஓட்டு என்ற அந்தப் பழைய வழியில் சபைதான் அதிபரை எடுத்திருக்கும். சபைக்குப் போகும் அந்த விதியையும் சேர்த்து மாற்றாமல் விகிதப் பங்கீட்டை மட்டும் கொண்டு வருவதை என்னால் ஆதரிக்க முடியாது.

பிரதிநிதிகள் சபையைப் பெரிதாக்குவது என்று இன்னொரு யோசனையும் உண்டு. நூறு வருடத்துக்கும் மேலாக 435இலேயே நிற்கிற சபையை 600, 700 என்று ஆக்கினால் சின்ன மாகாணங்களின் கூடுதல் கனம் குறையும், அதற்குச் சாதாரணச் சட்டமே போதும். சபைக்கு அது நல்லது, தனியாகவே செய்யலாம். அதிபர் தேர்தலுக்கு மருந்தா என்றால், மேலே போட்ட 2016 கணக்கே பதில்.

நேரடித் தேர்தல்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், சரியானதும் இதுதான். எலக்டோரல் காலேஜை எடுத்துவிட்டு நாடு முழுக்க ஓட்டை ஒன்றாக எண்ணுவது. இதற்குச் சாசனத் திருத்தம் வேண்டும். இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, அதற்குப் பிறகு 38 மாகாணங்களின் ஒப்புதல். 13 மாகாணம் முடியாது என்றால் முடிந்தது கதை.

ஒரு தடவை இது நூலிழையில் தவறியது. 1968இல் இனப் பிரிவினையை ஆதரித்த ஜார்ஜ் வாலஸ் தெற்கில் 46 தேர்வாளர்களை வாங்கிவிட்டார். இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தால் யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல், தன் தேர்வாளர்களை வைத்து அவர் பேரம் பேசியிருப்பார். அந்தப் பயத்தில் நாடே விழித்துக்கொண்டது. செனட்டர் பர்ச் பே எழுதிய திருத்தம், நேரடி மக்கள் ஓட்டு, 40 சதவீதம் யாருக்கும் வராவிட்டால் முதல் இருவருக்கும் மறுதேர்தல். 1969 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபையில் ஓட்டுப் போட்டவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் ஆதரித்தார்கள், இரண்டு கட்சியும் சேர்ந்து. அதிபர் நிக்சனும் ஆதரவு என்றார். அடுத்த வருடம் செனட்டில் ஸ்ட்ராம் தர்மண்ட், ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட், சாம் எர்வின் முதலான தெற்கத்திச் செனட்டர்கள் பேசிப் பேசியே இழுத்தடித்தார்கள். விவாதத்தை முடிக்க வந்த ஓட்டெடுப்பில் 54க்கு 36. மூன்றில் இரண்டு பங்குக்கு ஆறு ஓட்டு குறைந்தது. அத்தோடு போச்சு. 1979இல் மறுபடி முயன்றார்கள், 51க்கு 48தான் வந்தது.

தெற்கு ஏன் இவ்வளவு முரண்டு பிடித்தது என்பதற்கு வேர் 1787 வரைக்கும் போகிறது. சாசனத்தை எழுதியபோது ஜேம்ஸ் மேடிசனே மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதுதான் சிறந்தது என்று சொல்லிவிட்டு, ஆனால் அடிமைகளுக்கு ஓட்டு இல்லாததால் தெற்கு மாகாணங்களுக்கு அதில் பலம் இருக்காது என்ற சிக்கலையும் சொன்னார். அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கைக் கணக்கில் எடுத்துக்கொண்டு சபை இடங்கள், அதை ஒட்டித் தேர்வாளர்கள் என்ற ஏற்பாடு தெற்குக்கு வசதியாக அமைந்தது. அடிமைமுறை போன பிறகும் அதன் நிழல் முழுக்கப் போகவில்லை. மிசிசிப்பியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கறுப்பின மக்கள். 1976இல் ஜிம்மி கார்ட்டர் ஜெயித்ததற்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோர் போடுகிற ஓட்டு ஒரு தேர்வாளராகக்கூட மாறியதில்லை. நேரடித் தேர்தலாக இருந்தால் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரத்தில் விழும் ஓட்டும் ஃபிலடெல்ஃபியாவில் விழும் ஓட்டும் ஒரே கனம்.

எதிர்ப்பவர்கள் சொல்வதையும் எடை போட வேண்டும். பெரிய நகரங்களே முடிவு செய்துவிடும் என்கிறார்கள். நாட்டின் நூறு பெரிய நகரங்களின் எல்லைக்குள் இருப்பவர்களைக் கூட்டினால் மொத்த மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான், அவர்களும் ஒரே மாதிரி ஓட்டுப் போடுகிறவர்கள் இல்லை. சின்ன மாகாணங்களை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்கிறார்கள். இப்போது மட்டும் வயோமிங்குக்கும் வெர்மாண்டுக்கும் வடக்கு டகோடாவுக்கும் யார் போகிறார்கள்? கலிபோர்னியா நீலம், டெக்சாஸ் சிவப்பு என்று வரைபடத்தைப் பார்த்துப் பேசுகிறோமே, 2020இல் டிரம்புக்கு அதிக ஓட்டு விழுந்த மாகாணமே கலிபோர்னியாதான், 60 லட்சம். டெக்சாஸில் விழுந்ததைவிட அதிகம். அதே டெக்சாஸில் பைடனுக்கு 52 லட்சம். இந்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஓட்டுகளுக்குக் கிடைத்த தேர்வாளர்கள் பூஜ்யம். ஃப்ரீமான்ட்டில் இருக்கிற குடியரசுக் கட்சிக்காரரும் டல்லாஸில் இருக்கிற ஜனநாயகக் கட்சிக்காரரும் ஒரே அநியாயத்தைத்தான் அனுபவிக்கிறார்கள்.

ஒரு எதிர்வாதம் மட்டும் எனக்குக் கனமாகப் படுகிறது. நாடு முழுக்க ஒரே எண்ணிக்கை என்றால் வித்தியாசம் மிகக் குறைவாக வரும்போது மறு எண்ணிக்கையும் நாடு முழுக்கத்தான். புளோரிடாவில் 537 ஓட்டுக்காக 2000இல் நடந்த ரகளை ஐம்பது மாகாணத்திலும் நடக்கலாம். ஆனால் கோடிக்கணக்கான ஓட்டில் அவ்வளவு நெருக்கம் வருவது அபூர்வம், மாகாணத்துக்கு மாகாணம் துண்டாக எண்ணும்போதுதான் நெருக்கம் அடிக்கடி வருகிறது. 2020இல் பைடன் 70 லட்சத்துக்கும் மேல் முன்னால் இருந்தார். ஆனாலும் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து வித்தியாசம் சுமார் 43 ஆயிரம் ஓட்டுதான், வழக்கும் கலவரமும் இப்படிப்பட்ட மாகாண முடிவுகளைச் சுற்றித்தான் நடந்தன. அந்த மூன்றும் மாறியிருந்தால் 269க்கு 269.

நேரடித் தேர்தலில் ஜெயிக்க எவ்வளவு வேண்டும் என்பது தனிக் கேள்வி. 2024இல் டிரம்ப் மக்கள் ஓட்டிலும் முன்னிலை, ஆனால் 49.8 சதவீதம், பாதியைத் தொடவில்லை. அதிக ஓட்டு இருந்தால் போதும் என்றால் நான்கு பேர் போட்டியிடும்போது 30 சதவீதத்தில்கூட ஒருவர் அதிபராகலாம். பிரான்சு மாதிரி இரண்டாம் சுற்று வைக்கலாம், அல்லது இலங்கை மாதிரி ஒரே சீட்டில் 1, 2, 3 என்று விருப்பு வாக்கு. இலங்கையில் 1982 முதல் இந்த ஏற்பாடு இருந்தாலும், யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல் விருப்பு வாக்கை எண்ண வேண்டிய நிலை 2024இல்தான் முதல்முறை வந்தது. அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 சதவீதம், சஜித் பிரேமதாசவுக்கு 32.76. மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் இருந்து அநுரவுக்குச் சேர்ந்தது சுமார் 1 லட்சத்து 5 ஆயிரம், சஜித்துக்கு 1 லட்சத்து 68 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மற்றவர்களுக்கு விழுந்ததோ 30 லட்சத்துக்கும் மேல்! பெரும்பாலானவர்கள் இரண்டாவது விருப்பைக் குறிக்கவில்லை, அல்லது இந்த இருவரில் யாரையும் குறிக்கவில்லை. சட்டத்தில் எழுதி வைத்தால் போதாது, மக்களுக்குப் பழக்கமும் வர வேண்டும் என்று இதில் தெரிகிறது. மெய்னும் அலாஸ்காவும் ஏற்கெனவே வரிசைப்படுத்தி ஓட்டுப் போடுகின்றன, அமெரிக்காவுக்கு இது வெளிநாட்டுச் சரக்கு இல்லை.

இலங்கை அனுபவத்தில் இன்னொன்றும் உண்டு, நம்மவர்கள் அடிக்கடி கேட்பது: நேரடித் தேர்தல் சிறுபான்மையினருக்கு நல்லதா? 2015இல் தமிழர், முஸ்லிம் ஓட்டுகள் மைத்திரிபால சிறிசேனவை அதிபராக்குவதில் தீர்மானமாக இருந்தன. 2019இல் பெரும்பாலும் சிங்கள ஓட்டுகளை வைத்தே கோட்டாபய ராஜபக்ச 52 சதவீதம் தாண்டினார். ஆக, நேரடி ஓட்டு தானாகவே யாருக்கும் பாதுகாப்பு தராது. 1979இல் அமெரிக்காவிலும் சில கறுப்பின, யூதத் தலைவர்கள் இந்தப் பயத்தால்தான் திருத்தத்தை எதிர்த்தார்கள், நியூயார்க் மாதிரி பெரிய மாகாணங்களில் தங்கள் ஓட்டு தராசைச் சாய்க்கிறது என்பது அவர்கள் எண்ணம். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது, ஆனால் எந்த மாகாணம் இழுபறியாக இருக்கும் என்பது இருபது வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறது, அதை நம்பி உரிமையை அடகு வைக்க முடியாது. நியூயார்க் இப்போது இழுபறி மாகாணமே இல்லை.

மாகாணங்களுக்கிடையிலான ஒப்பந்தம்

சாசனத் திருத்தம் இப்போதைக்கு நடக்காது, பேச்சுக்கே இடமில்லை. அதனால்தான் நடைமுறையில் சண்டை முழுக்க இந்த ஒப்பந்தத்தைச் சுற்றி நடக்கிறது. யோசனை புத்திசாலித்தனமானது. "எங்கள் மாகாணத்தில் யார் ஜெயித்தாலும், நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியவருக்கே எங்கள் தேர்வாளர்களைத் தருவோம்" என்று மாகாணங்கள் சட்டம் போட்டுக்கொள்வது. சேர்ந்த மாகாணங்களின் கூட்டுத்தொகை 270 ஆகும் வரை அது தூங்கும், 270 ஆனதும் அமலுக்கு வரும். 2007இல் மேரிலாந்து முதலில் சேர்ந்தது, சில மாதத்தில் எங்கள் நியூஜெர்சி. 2020இல் கொலராடோ மக்கள் வாக்கெடுப்பிலேயே ஒப்புக்கொண்டார்கள். 2023இல் மினசோட்டா, 2024 ஏப்ரலில் மெய்ன். அப்போது 17 மாகாணமும் தலைநகரும் சேர்ந்து 209. இன்னும் 61 வேண்டியிருந்தது.

இதில் குறைகள் இருக்கின்றன, ஆதரிக்கிறேன் என்பதற்காக மறைக்க மாட்டேன். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் சம்மதம் இல்லாமல் மாகாணங்கள் இப்படி ஒப்பந்தம் போடலாமா என்ற வழக்கு கண்டிப்பாக உச்ச நீதிமன்றத்துக்குப் போகும். தேர்வாளர்களைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்று 2020இல் நீதிமன்றம் சொன்னது மாகாணங்களின் அதிகாரத்துக்குச் சாதகம், ஆனால் ஒப்பந்தக் கேள்வி அதோடு தீரவில்லை. நாடு தழுவிய மறு எண்ணிக்கைக்கு இதில் வழி இல்லை, ஒவ்வொரு மாகாணமும் அறிவிக்கும் எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டும். 2021இல் வடக்கு டகோடா செனட், தேர்வாளர்கள் ஓட்டுப் போட்டு முடிக்கும் வரை மக்கள் ஓட்டு எண்ணிக்கையை வெளியிடாமல் வைத்திருக்கும் மசோதாவையே நிறைவேற்றியது, ஒப்பந்தத்தை முடக்குவதற்காக. அது சட்டமாகவில்லை, ஆனால் முயன்றார்கள் என்பதே எச்சரிக்கை. அதிக ஓட்டு போதும், குறைந்தபட்ச சதவீதம் கிடையாது என்பதும் குறைதான். ஜூலை 20 முதல் பதவியேற்பு வரை யாரும் விலக முடியாது என்று ஷரத்து இருக்கிறது, மற்ற நாளில் விலகலாம்.

இதை எல்லாம்விடக் கடினமான சோதனை ஒன்று உண்டு. 2024இல் இது அமலில் இருந்திருந்தால் கலிபோர்னியாவின் 54 தேர்வாளர்களும் எங்கள் நியூஜெர்சியின் 14 பேரும் டிரம்புக்குப் போயிருப்பார்கள், இரண்டு இடத்திலும் ஜெயித்தது ஹாரிஸ். அந்த மக்கள் பொறுத்துக்கொண்டிருப்பார்களா? நான் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்கிறேன். நாடு முழுக்க எண்ணினால் அதிக ஓட்டு அவருக்குத்தான், மாகாணம் எந்த நிறம் என்பது அப்போது கேள்வியே இல்லை. இதை ஏற்க முடியாதவர் மக்கள் ஓட்டை ஆதரிக்கவில்லை, தன் கட்சியை ஆதரிக்கிறார்.

குடியரசுக் கட்சி நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2004இல் புஷ் நாடு முழுக்க 30 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கினார், ஒஹையோவில் மட்டும் சுமார் 1 லட்சத்து 18 ஆயிரம் வித்தியாசம். அதில் பாதிப் பேர் மாற்றிப் போட்டிருந்தால் ஜான் கெர்ரி அதிபர். இந்த முறை யாருக்கும் நிரந்தர நண்பன் இல்லை. 2012 தேர்தல் இரவில் எலக்டோரல் காலேஜ் ஜனநாயகத்துக்குப் பேரழிவு என்று ட்விட்டரில் எழுதியவர் டிரம்ப். 2014இல் ஓக்லஹோமா செனட்டும் 2016 தொடக்கத்தில் அரிசோனா பிரதிநிதிகள் சபையும் இந்த ஒப்பந்த மசோதாவை நிறைவேற்றின, இரண்டும் குடியரசுக் கட்சி கையில் இருந்த அவைகள். 2016 நவம்பருக்குப் பிறகுதான் அந்தப் பக்கத்துக் கதவு மூடியது. டிரம்ப் மக்கள் ஓட்டிலும் ஜெயித்துக் காட்டிய பிறகு அதை மறுபடி தட்டிப் பார்ப்பதில் தவறில்லை.

நான் வரிசைப்படுத்துவது இப்படி. போய்ச் சேர வேண்டிய இடம் நேரடித் தேர்தல், விருப்பு வாக்கோடு, சாசனத்திலேயே எழுதப்பட்டு. அங்கே போக இப்போது திறந்திருக்கிற ஒரே பாதை ஒப்பந்தம். அது 270ஐத் தொட்டதும் காங்கிரஸிடம் சம்மதமும் நாடு முழுக்க ஒரே மறு எண்ணிக்கை விதியும் கேட்க வேண்டும், கேட்காமல் அமலுக்குக் கொண்டு வந்தால் முதல் நெருக்கமான தேர்தலிலேயே சிக்கும். விகிதப் பங்கீடு எல்லா மாகாணத்திலும் ஒரே நாளில் வந்தால், சபைக்குப் போகும் விதியும் மாறினால் பேசலாம். தொகுதிவாரிப் பிரிப்பு வேண்டவே வேண்டாம், அதற்கு இப்போதிருப்பதே மேல்.

2024 கணக்குப்படி வேண்டியிருந்த அந்த 61ஐ எங்கே தேடுவது? பென்சில்வேனியா 19, மிச்சிகன் 15, அரிசோனா 11, விஸ்கான்சின் 10, நெவாடா 6. கூட்டினால் சரியாக 61. ஆனால் வேட்பாளர்கள் வந்து விழுந்து கும்பிடுகிற மாகாணங்கள் இவைதான், இன்றைய முறையால் லாபம் அடைகிறவர்களிடம் போய் லாபத்தை விட்டுக்கொடுங்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. 2019இல் நெவாடா சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியும், ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஸ்டீவ் சிசோலாக்கே தடுத்து நிறுத்தினார், நெவாடா போன்ற சின்ன மாகாணத்தின் முக்கியத்துவம் குறைந்துவிடும் என்று. அதனால் கட்சிக் கணக்கைக் காட்டி அங்கே வேலைக்காகாது. டிராய், ஃபீனிக்ஸ், பிட்ஸ்பர்க் பக்கம் இருக்கிற தமிழர்கள் உங்கள் மாகாணச் சட்டமன்ற உறுப்பினரிடம் பேசும்போது, இன்று இழுபறியாக இருக்கிற உங்கள் மாகாணம் நாளைக்கு ஒஹையோ, புளோரிடா மாதிரி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் உங்கள் வாசலுக்கும் ஒருவரும் வரமாட்டார்கள் என்பதில் இருந்து ஆரம்பியுங்கள்.